பதிமூணாவது நிமிஷம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்க ரெண்டு பேரும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்கணும்னு நினைச்சுக்கிட்டுதான் பேனாவைத் திறக்கறேன். அப்பாவுக்கு முட்டி வலி குறைஞ்சிருக்கு, எனக்குப் புதுக் கண்ணாடி பழகிடுச்சு, மாடி ஜன்னல் மட்டும் யார் வந்து பார்த்தாலும் ஒழுகறதை நிறுத்த மாட்டேங்குது. போன்ல சொல்லாம கடுதாசி எதுக்குன்னு கேட்பே. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை நீ பேசினப்போ, ஒரு நாளைக்கு முப்பது மணி நேரம் இருந்தாலும் எனக்குப் பத்தாதும்மான்னு சொன்னே, நான் வாயைத் திறக்கறதுக்குள்ள வேற கால் வருதுன்னு வெச்சுட்டே. கோபமில்லடி, சத்தியமா இல்ல. ஆனா அந்த முப்பது மணி நேரம் என் தலைக்குள்ள ஏறி உட்கார்ந்துக்கிச்சு. இவளுக்கு மட்டுமா பத்தல, எனக்கும் பத்தலையே, எதிர்வீட்டு தையல்கார அம்மாவுக்கும் பத்தலையே, இந்த நேரமெல்லாம் எங்கேதான் போகுதுன்னு அன்னைக்கே துப்பறிய ஆரம்பிச்சுட்டேன். அப்பா சிரிக்கறார், சிரிக்கட்டும்.

முதல்ல எங்க ஆஸ்பத்திரி மருந்து கவுன்டர்லதான் பார்த்தேன், பத்தொன்பது வருஷமா நிக்கற இடம். டோக்கன் மெஷின் வந்த கதை உனக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி சீட்டைக் கொடுத்துட்டு ஒரு மணி நேரம் உட்காருவாங்க. முணுமுணுப்பாங்க, கொட்டாவி விடுவாங்க, பக்கத்துல இருக்கறவங்களோட பேசிப் பேசிச் சம்பந்தமே முடிச்சுட்டுப் போன ஒரு ஜோடி அம்மாக்களை எனக்குத் தெரியும். இப்போ பன்னெண்டு நிமிஷம். சுவத்துல போர்டு இருக்கு, உங்க மருந்து பன்னெண்டு நிமிஷத்துலன்னு செவப்பு எழுத்துல ஓடும். சண்டை குறையணுமா இல்லையா? கூடியிருக்கு பாப்பா. முன்னாடி மாசத்துக்கு ஒண்ணு, இப்போ ஒரு நாளைக்கு ரெண்டு. யோசிச்சுப் பார்த்தேன். முன்னாடி யாரும் கணக்குச் சொல்லல, அதனால யாருக்கும் தாமதமும் ஆகல. இப்போ பன்னெண்டுன்னு சொல்லிட்டோம், பதிமூணாவது நிமிஷம் நாங்க அவங்க பையிலேருந்து எடுத்துக்கிட்ட மாதிரி ஆயிடுது. இன்னொண்ணும் கண்டுபிடிச்சேன். மெஷின் மிச்சம் பிடிச்ச நேரம் எங்களுக்காவது வந்துச்சான்னு தேடினா, கவுன்டர்ல அஞ்சு பேர் இருந்த இடத்துல இப்போ மூணு பேர்தான். மிச்சமான நேரம் ரெண்டு நாற்காலியைத் தூக்கிக்கிட்டு வெளியே போயிடுச்சு. எங்க சூப்பிரண்டு, அவரை நாங்க மணிக்கூண்டுன்னுதான் சொல்லுவோம், இதைச் சொன்னதும் உங்களுக்கு யோசிக்க நேரம் இருக்கே அதுவே எனக்கு ஆச்சரியம்னார்.

சரி, விஷயத்துக்கு வரேன். நீ பேசின அடுத்த செவ்வாய்க்கிழமை ஒருத்தர் வந்தார், நாப்பது வயசு இருக்கும், இஸ்திரி கலையாத சட்டை. பதிமூணாவது நிமிஷம் ஆனதுமே கண்ணாடியைத் தட்டினார். என் நேரத்துக்கு மதிப்பே இல்லையா, ரெண்டே நாள் லீவுல வந்திருக்கேன், உங்களை மாதிரி சாவகாசமா நிக்க என்னால முடியாதுன்னு ஊரே திரும்பிப் பார்க்கற மாதிரி கத்தினார். சாவகாசமாம், எனக்கு! பல்லைக் கடிச்சுக்கிட்டு மருந்தைக் கொடுத்தேன், பிடுங்காத குறையா வாங்கிக்கிட்டு ஓடினார். மத்தியானம் சாப்பிட்டு முடிச்சுட்டுப் பின்பக்கப் படிக்கட்டு வழியா வரேன், அதே மனுஷன் அங்கே படியில உட்கார்ந்திருக்கார். மருந்துப் பை மடியில, பின் அடிச்சது அடிச்சபடி பிரிக்காம இருக்கு. ஒரு மணி நேரத்துக்கும் மேல ஆச்சு வாங்கிட்டுப் போய்! போனைக்கூடப் பார்க்கல, சும்மா சுவத்தைப் பார்த்துக்கிட்டிருக்கார்.

வேற நாளா இருந்தா முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போயிருப்பேன். உன் முப்பது மணி நேரம்தான் என்னை நிறுத்திச்சு. அவசரம்னு சொன்னீங்களேன்னு கேட்டேன், குத்திக் காட்டணும்னு இல்ல, நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னுதான். சண்டைக்கு எழுந்திருப்பார்னு நினைச்சேன், எழுந்திருக்கல. அப்பா மூணாவது மாடியில இருக்கார் மேடம், பக்கவாதம் வந்து பேச்சு நின்னு போச்சுன்னார். ஸ்கேனுக்கு ஓடு, ரிப்போர்ட்டுக்கு ஓடு, மருந்துக்கு நில்லுன்னு இருக்கற வரைக்கும் ஒண்ணும் தெரியல, எல்லா வேலையும் முடிஞ்சு போச்சுன்னா அவர் பக்கத்துல உட்காரணும், அவர் பார்ப்பார், நான் பார்ப்பேன், என்ன பண்றதுன்னே தெரியல, பயமா இருக்குன்னார். அதைச் சொல்லும்போது குரல் பள்ளிக்கூடப் பிள்ளை குரல் மாதிரி ஆயிடுச்சு.

வாங்க போலாம்னேன். மாடியில பெரியவர் மல்லாந்து படுத்திருந்தார், கை ரெண்டும் போர்வைக்கு மேல. நகமெல்லாம் வளர்ந்து கிடந்துச்சு. என் கைப்பையில நகவெட்டி இருந்துச்சு, எடுத்து மகன் கையில கொடுத்தேன். அவர் முழிச்சார். வெட்டி விடுங்கன்னேன். கட்டைவிரல்ல ஆரம்பிச்சார், சதையில பட்டுடுமோன்னு துளித் துளியா. நாலு விரல் ஆனதும் கை நிதானத்துக்கு வந்துச்சு. சுண்டு விரலுக்கு வந்ததும் பெரியவர் வெடுக்குன்னு கையை இழுத்துக்கிட்டார், கூச்சமாம்! மகன் சிரிச்சுட்டார், அப்புறம் அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டார். பத்து விரலும் முடிய அரை மணி நேரம். நான் எதுக்கு அங்கேயே நின்னேன்னு கேட்காதே. கீழே வந்தா போர்டுல பன்னெண்டு போய் முப்பத்தஞ்சு நிமிஷம்னு ஓடுது, மணிக்கூண்டு கவுன்டர்லயே நிக்கறார். பத்தொன்பது வருஷத்துல முதல் மெமோ வாங்கிட்டேன், தாமதத்துக்குக் காரணம் எழுதித் தரணும்னு. நோயாளிக்கு நகம் வெட்டினதுன்னு எழுதிக் கொடுத்தேன். படிச்சுட்டு மேலே கீழே பார்த்துட்டுப் போயிட்டார், அதோட சரி.

அந்த மகன் லீவை நீட்டிட்டார். வெள்ளிக்கிழமை மறுபடி டோக்கன் எடுத்துட்டு வந்தப்போ, அப்பா பேசிட்டார்னு சொன்னார். என்ன சொன்னார்னு ஆவலா கேட்டேன். மகனை ஏற இறங்கப் பார்த்துட்டு, என்னடா உனக்கு இப்படித் தொப்பை போட்டுடுச்சுன்னு குழறிக் குழறிக் கேட்டாராம். வரிசையே சிரிச்சுச்சு.

இதோட எனக்கு விடை கிடைச்சுட்டுதுன்னு நினைச்சேன். நேரமில்ல நேரமில்லன்னு ஓடறது எதுக்கோ பயந்துதான்னு. அதே கண்ணால என்னையும் பார்த்தேன், பார்க்காமலே இருந்திருக்கலாம். அப்பா ரிட்டயர் ஆன நாள்லேருந்து சாயங்காலம் ஒரு நடை போலாம் வாயேன்னு கூப்பிடறார், நான் நேரமில்லன்னு சொல்லிட்டுத் துடைச்ச அடுப்பையே துடைக்கறேன். உன்கிட்ட சொல்றதுக்கு என்ன, நீயும் குடும்பக்காரி. முப்பது வருஷமா அவர் வேலைக்கு ஓட நான் வேலைக்கு ஓட, நடுவுல நீ இருந்தே, உன்னைப் பத்திப் பேசினோம். இப்போ ரெண்டு பேர் மட்டும் நடந்தா என்ன பேசறதுன்னு எனக்குள்ள ஒரு கலக்கம். சனிக்கிழமை துணியைத் தூக்கிப் போட்டுட்டுக் கிளம்பிட்டேன். முதல் திருப்பம் வரைக்கும் வழியில இருந்த கடைகளை எண்ணிக்கிட்டே போனேன். ரெண்டாவது திருப்பத்துல அவரே, எனக்கு ஒரு வேலையும் இல்ல, ஆனா பத்தரைக்குக் கடிகாரத்தைப் பார்த்தா, அடுத்து பார்க்கும்போது சாயங்காலம் ஆயிடுது, இது என்ன மாயம்னு கேட்டார். நின்னுட்டேன் பாப்பா. ஓடறவளுக்குப் பத்தல சரி, உட்கார்ந்திருக்கறவருக்கும் பத்தலைன்னா என் கண்டுபிடிப்பு என்ன ஆறது? ரெண்டு பேரும் அதையே பேசிக்கிட்டு ஆத்துப் பாலம் வரைக்கும் போயிட்டோம். அவர் சொல்றார், எப்ப வேணா செய்யலாம்கறதை எப்பவுமே செய்யறதில்ல, அதுதான்னு. நான் ஒத்துக்கல. வழக்கு இன்னும் தீரல, தினமும் நடக்கறோம்.

அதனால உன்கிட்ட கேக்கறேன், புத்தி சொல்ல இல்ல. உன் நேரம் எந்த வழியா போகுது? வேலைதான் அவ்வளவுன்னா சரி, உன் ஆபீஸ்லயும் யாரோ ரெண்டு நாற்காலியைத் தூக்கிட்டாங்கன்னு புரிஞ்சுக்கறேன். அது இல்லாம, நின்னா எதையாவது பார்க்க வேண்டி வரும்னு நீ ஓடறதா இருந்தா, என்னன்னு அம்மாகிட்ட சொல்லு. நான் அலற மாட்டேன், அப்பாகிட்டயும் நீ சொல்லச் சொன்னாத்தான் சொல்லுவேன்.

ரெண்டு பேரும் நோய் நொடி இல்லாம, ஒருத்தருக்கொருத்தர் துணையா, மனசு நிறைஞ்சு இருக்கணும். கடைவாய்ப் பல்லை டாக்டர்கிட்ட காட்டிடு, தள்ளிப் போடாதே, வலி நின்னு போச்சுன்னு விட்டா மறுபடி வந்து ராத்திரி பூரா தூங்க விடாது. பதில் முழுசா எழுதணும்னு காத்திருக்காதே. பாதி எழுதி, அப்படியே வாக்கியத்தை நடுவுல விட்டுட்டு அனுப்பினாலும் போதும், மீதியை நான் நேர்ல வந்து கேட்டுக்கறேன். லீவு எழுதிக் கொடுத்துட்டேன், அடுத்த மாசம் எட்டாம் தேதி.

முத்தங்களோட,
உன் அம்மா