மழை வந்தால் தலை கவிழ்த்து

பிப்ரவரி 3

மழைக்காலம் முடிந்து வெகுநாளாகிறது. ஆனாலும் காலையில் வானம் லேசாக மூடியதும் ஆறாம் வகுப்பில் இரண்டு பேர் புத்தகத்தை மூடிவிட்டார்கள்.

எங்கள் பள்ளியின் வழக்கம் அது. தகரக் கூரையில் மழை விழுந்தால் ஆசிரியர் பேசுவது முன்வரிசைக்குக்கூடக் கேட்காது. பிள்ளைகள் புத்தகத்தை மூடி மேசையில் தலை கவிழ்த்துவிடுவார்கள். யாரும் சொல்லித்தருவதில்லை. புதிதாகச் சேர்பவர்கள் முதல் மழையிலேயே பழகிக்கொள்கிறார்கள். இங்கே அவர்கள் மறக்காமல் கற்கும் பாடம் இது ஒன்றுதானோ?

அரசு மானியம் வந்திருக்கிறது. மார்ச்சுக்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும். எனக்கு வேண்டியது ஒன்றுதான் - மழை பெய்யும்போது ஒரு வகுப்பு நடப்பதைக் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 5

கல்வி அதிகாரி போனில் பேசினார். முகப்பில் அலங்கார வளைவு கட்டச் சொல்கிறார். தகரத்துக்கு அடியில் சத்தத்தை உறிஞ்சும் பலகை அடிக்கலாம் என்றேன். "அதை எப்படி மேடம் போட்டோ எடுப்பாங்க? படுத்துக்கிட்டா?" என்றார். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

போன மானியத்தில் வந்த பெரிய திரைகள் உறை போட்டபடி ஓர் அறையில் பூட்டிக் கிடக்கின்றன. அதற்கு முந்தையதில் கட்டிய நீரூற்றில் கொசு வளர்கிறது. இரண்டிலும் பெயர்ப்பலகை மட்டும் இன்னும் பளபளக்கிறது.

பிப்ரவரி 6

தலைமையாசிரியை ஆனபின் ஒரு வகுப்பும் எடுக்கவில்லை. விரலில் சாக்பீஸ் தூள் ஒட்டியே எத்தனை நாளாயிற்று.

பிப்ரவரி 11

வரலாற்று ஆசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் மைக்செட். மழையிலும் விடாமல் கத்திப் பாடம் நடத்தும் ஒரே ஆள். இன்று வாயே திறக்கவில்லை. தொண்டையில் கட்டிபோல் ஏதோ வந்திருக்கிறதாம். இனியும் கத்தினால் குரலே போய்விடும் என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். 'என் வீட்டுக்காரர் டாக்டருக்கு ஸ்வீட் வாங்கிக் கொடுத்துட்டார் மேடம்' என்று தாளில் எழுதிக் காட்டினாள். எழுதிவிட்டு அவள் மட்டும் சிரித்தாள்.

அடுத்த மழைக்கு என்ன செய்வாள்?

பிப்ரவரி 20

பெற்றோர் குழுக் கூட்டம். வளைவு கம்பீரமாக இருக்கும் என்று சிலர் சொன்னார்கள். குழுத் தலைவி தையற்கடை வைத்திருப்பவர், ஊருக்கே தையலக்கா. "வளைவுல நுழைஞ்சு வந்து பிள்ளைங்க தூங்கறதுக்கா?" என்றார். அதற்கப்புறம் வளைவுப் பேச்சு எழவில்லை.

பலகைகளைக் கொஞ்சம் கூடுதலாக வாங்கி வைக்கலாம், பழுதானால் மாற்ற உதவும், ஆண்டுதோறும் மழைக்கு முன் பெற்றோரே கூரையைப் பார்க்க வேண்டும் என்றேன். கட்டுவது சுலபம், காப்பாற்றத்தான் ஆளிருக்காது. "தைக்கும்போது பின்னால பிரிச்சுக்கலாம்னு கொஞ்சம் துணிய உள்ள மடிச்சு விடுவோமே, அந்த மாதிரி," என்றார் தையலக்கா.

மார்ச் 4

அதிகாரி நேரில் வந்தார். வெளியே சுட்டெரிக்கும் வெயில். இந்த வெயிலில் மழையை எங்கே போய்க் காட்டுவது?

ஏழாம் வகுப்பில் நின்று ஒழுக்கம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று கூரையில் தடதடவென்று சத்தம். தையலக்கா தோட்டத்துக் குழாயைத் தகரத்தின் மேல் திருப்பிவிட்டிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளைகளுக்கும் தெரியாது. சத்தம் கேட்டதும் அத்தனை தலைகளும் ஒன்றாகக் கவிழ்ந்தன.

அதிகாரியின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. எல்லாம் பின்னந்தலைகள். பார்க்க ஒரு முகம்கூட இல்லை அவருக்கு.

வெளியே வந்ததும், "நாடகமா மேடம்?" என்றார். "இல்ல சார். பழக்கம்," என்றேன்.

மார்ச் 6

கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மார்ச் 29

வேலை முடிந்தது. ஆளில்லாத வகுப்பில் நின்று அண்ணாந்து பார்த்தேன். சாம்பல் நிறப் பலகை, வரிசையான திருகாணிகள். அதிகாரி சொன்னது சரிதான், போட்டோவுக்கு ஒன்றுமில்லை. நம்பலாமா இதை? மழை வந்தால்தான் தெரியும்.

வீட்டிலும் ஜன்னலுக்கு ஜன்னல் வானத்தைப் பார்க்கிறேன். "மழைக்கு ஏங்கற வயசா உனக்கு?" என்கிறார் இவர்.

ஏப்ரல் 24

மாறுதல் உத்தரவு. 'நிர்வாகக் காரணங்களுக்காக.' வேறென்ன எழுதுவார்கள்.

மழைவரைக்குமாவது விட்டிருக்கலாம். ஒரே ஒரு மழை. அவ்வளவுதானே கேட்டேன்? அதுகூட... சரி, விடு.

ஜூன் 2

புதிய பள்ளி. வாசலில் அட்டகாசமான வளைவு. உள்ளே தகரம்.

ஜூன் 19

மதியம் மைக்செட் கூப்பிட்டாள். குரல் தேறியிருக்கிறது, ஆனால் தணிந்த குரல்.

"மேடம், மழை. வந்ததும் வழக்கம்போல தலையக் கவுத்துட்டாங்க. நான் கத்தல. உங்ககிட்ட பேசற மாதிரிதான் பேசினேன். பேசிட்டே இருந்தேன். ஒவ்வொருத்தரா தலையத் தூக்கிப் பாத்தாங்க மேடம்."

"இருங்க," என்று போனை வகுப்புப் பக்கம் நீட்டினாள் போலிருக்கிறது. தூரத்தில் எங்கோ பெய்வதுபோல் மழை. அதற்கு மேலே ஒரு குழந்தை பாடத்தைத் திக்கித் திக்கி வாசிக்கும் குரல். நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டது. வேறொரு குழந்தை திருத்தியது.

என் அறையில் யாரும் இல்லை. போனை மேசையில் வைத்து, அதன் பக்கத்தில் தலை கவிழ்த்துக்கொண்டேன்.