எட்டுப் போட்டுத் துடைத்த மகனுக்கு

என் சின்னவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அக்காவும் சுகம். நீ சுகமா என்று கேட்க வேண்டியதே இல்லை, பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு கையில் துடைப்பானுமாக நீ நன்றாகத்தான் இருக்கிறாய் என்று நீ அக்காவுக்கு அனுப்பிய வீடியோவிலேயே பார்த்துவிட்டேன், எனக்குத்தான் நேற்றிலிருந்து படபடப்பு அடங்கவில்லை, உலையில் அரிசி போட்டேனா இல்லையா என்று இரண்டு தரம் மூடியைத் திறந்து பார்த்தேன்.

மாதத்தில் ஒரு நாள் உங்கள் தெருக்காரர்கள் எல்லோரும் கூலியில்லாமல் பொதுக்கூடத்தைச் சுத்தம் செய்வார்களாம், இந்தத் தடவை நீயும் சேர்ந்துகொண்டாயாம், அக்கா சொன்னாள். அதற்கே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தின்ற தட்டை எடுத்து வைக்காதவன்டா நீ. உன் பக்கத்து வீட்டுப் பல் டாக்டரம்மா ஜன்னல் துடைக்கிறார், பஸ் ஓட்டுகிறவர் ஏணியைப் பிடித்துக்கொள்கிறார், டாக்டர் கையில் அழுக்குத் துணியை இந்த ஜென்மத்தில் நான் பார்த்ததில்லை. சரி, ஊரோடு ஒத்து வாழட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்புறம்தான் நீ தரையைத் துடைக்க ஆரம்பித்தாய். கடைசிச் சுவரிலிருந்து வாசல் பக்கமாகப் பின்னோக்கி நடந்து, நீளக் கம்புத் துடைப்பானை எட்டுப் போட்டு எட்டுப் போட்டு வீசினாய். வீட்டில் நான் குத்தவைத்துத் துணியால்தானே துடைப்பேன், இந்த எட்டு ஆஸ்பத்திரி வார்டில் மட்டும் போடுவது. நீ இங்கிலீஷில் ஏதோ சொன்னாய், எல்லோரும் கை தட்டினார்கள், என்னடி சொல்றான் என்றேன். அக்கா வீடியோவை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். எங்கம்மா ஆஸ்பத்திரியில இப்படித்தான் துடைப்பாங்க, கால்தடம் விழாதுன்னு சொல்றான்மா, நீ அங்கே ஓ.பி. சீட்டுதானே எழுதிக்கிட்டிருந்தே என்றாள்.

இருபத்தாறு வருஷம் வார்டு துடைத்தேன்டா. அப்பாவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. கைப்பையும் மடிப்புக் கலையாத புடவையுமாகப் போய், அங்கே சீருடைக்கு மாறி, வேலை முடிந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வருவேன். உங்கள் பள்ளிக்கூடப் படிவத்தில்கூடச் சீட்டு எழுதும் வேலை என்றுதான் போட்டேன், துடைப்பம் பிடிக்கிறவள் பிள்ளைகள் என்று உங்களை ஒருவரும் இளக்காரமாகப் பார்க்கக்கூடாது என்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன், நீ கடல் தாண்டிப் போய்ப் போட்டு உடைத்துவிட்டாய். அப்பாவிடம் சொன்னால், தெரிஞ்சா என்ன, திருடிட்டா வந்தே என்கிறார். அவருக்கென்ன. அக்கா நேற்றிலிருந்து என்னை ஒரு பாத்திரம் தேய்க்க விடவில்லை, கோபமா பாசமா என்று புரியவில்லை, கேட்கவும் பயமாக இருக்கிறது.

நோய் நொடி அண்டாமல் நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். அடுத்த மாதமும் போவாய், சொன்னால் கேட்கவா போகிறாய், எட்டுப் போடும்போது மணிக்கட்டை வளைக்காதே, இடுப்பிலிருந்து திரும்பு. ஒன்றை மட்டும் மறக்காமல் எழுது. வார்டுக்குள் பிள்ளைகளை விடமாட்டார்கள். நீ எந்த வயதில், எந்தக் கதவோரம் நின்று என்னைப் பார்த்தாய்? பார்த்துவிட்டு ஏன்டா அம்மா என்று கூப்பிடாமல் போனாய்?

இப்படிக்கு,
உன் அம்மா