தாமதம் யார் கணக்கில்

ஜூன் 3, செவ்வாய்

காலை ஷிப்ட். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, ஆனாலும் தலை விண்விண் என்று தெறிக்கிறது. எண்ணெய் டாங்கர் வண்டி ஓட்டுகிறவர் வந்ததும் வராததுமாகப் போனில் பிடித்துக்கொண்டார். "மேடம், எப்ப விடுவீங்க? இங்க எனக்கு வேரே விட்டுருச்சு."

எங்கள் பாதை ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் ஒன்று லூப்பில், அதாவது ஸ்டேஷனின் பக்கத் தண்டவாளத்தில், ஒதுங்கி நின்றே ஆக வேண்டும். எது ஒதுங்குவது என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். பயணிகள் வண்டி என்றால் யோசனையே இல்லை, மற்றதெல்லாம் வழிவிட வேண்டும். சரக்குக்கும் சரக்குக்கும் நடுவில் முடிவெடுக்கும்போதுதான் ஆளாளுக்கு என் தலையைத் தின்கிறார்கள்.

மதியம் டாங்கருக்கு எதிரே சுண்ணாம்புக்கல் வண்டி வந்தது. நடு ஸ்டேஷனில் கல் வண்டியை லூப்பில் போட்டேன். அதை ஓட்டியவர் என் வீட்டுக்காரர்.

ஜூன் 4

அவர் வீட்டுக்கு வரவில்லை. காலையில் காலி வண்டியோடு குவாரிக்குப் போய், கல் ஏற்றிக்கொண்டு திரும்புவது அவர் வேலை. பாதை கிடைத்தால் இருட்டுவதற்குள் வீடு. கிடைக்காவிட்டால் வேலை நேரம் நடுவழியிலேயே தீர்ந்துபோகும். வேறு ஆள் ஏறி வண்டியைக் கொண்டுவருவார், இவர் நடு ஸ்டேஷனில் ஓட்டுநர்கள் தங்கும் ரன்னிங் ரூமில் படுத்துக்கொள்வார். இரும்புக் கட்டில். பக்கத்துக் கட்டிலில் யாருடைய குறட்டையோ.

மகள் தலை வாரிக்கொண்டே கேட்டாள். "அப்பா ரன்னிங் ரூமா? நேத்து போர்டுல நீயா?"

போர்டு என்றால் நான் உட்காரும் இடம். ஒரு மேசை, இரண்டு திரை, ஒரு போன். ஆமாம் என்றேன். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் கல்லூரிக்குப் போய்விட்டாள். கேட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

ஜூன் 11, புதன்

ஏன் எப்போதும் அவர் வண்டி? எழுதியாவது பார்க்கிறேன்.

இந்த போர்டுக்கு வந்த புதிதில் ஒரு நாள் அவர் வண்டியை நேரே விட்டேன். அது சரியான முடிவு, இன்றைக்கும் சத்தியம் செய்வேன். லூப்பில் நின்ற டாங்கர்காரர் போனில் கேட்டார்: "வீட்டுக்காரர் வண்டிங்களா மேடம்? அப்ப ராஜபாட்டைதான்." போன் ஸ்பீக்கரில் இருந்தது. கன்ட்ரோல் அறை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். கேலிதான், அந்த மனிதர் மனதில் ஒன்றும் கிடையாது. என் மனதில்தான் முள்ளாகத் தங்கிவிட்டது.

அன்றிலிருந்து இரண்டு வண்டியும் சரிசமம் என்றால் அவரை நிறுத்தினேன். போகப்போக, சரிசமம் இல்லாதபோதும் நிறுத்தினேன். அவரை நிறுத்தினால் யாரும் வாய் திறக்க முடியாதல்லவா. இப்போது எல்லாரும் என்னை நேர்மையானவள் என்கிறார்கள். என் நேர்மைக்காக இரும்புக் கட்டிலில் படுப்பவர் அவர்.

ஒவ்வொரு தாமதத்தையும் யார் கணக்கிலாவது எழுதியாக வேண்டும். இன்ஜின் கணக்கு, சிக்னல் கணக்கு, எதிர்வண்டிக் கணக்கு. கன்ட்ரோல் கணக்கு என்றும் ஒன்று உண்டு — போர்டில் இருப்பவரால் ஆன தாமதம். அதை எழுதியவரை நான் பார்த்ததில்லை. எழுதினால் எங்கள் மேலதிகாரி சீஃப் தோலை உரித்துவிடுவார். வீட்டுக்காரர் வண்டி நின்ற நேரம் முழுவதையும் எதிர்வண்டிக் கணக்கில் எழுதிவிட்டேன். எல்லாம் சுத்தமாக இருக்கிறது.

ஜூன் 12

வந்தார், குளித்தார், தூங்கினார், போனார்.

ஜூன் 19, வியாழன்

கொட்டாவி சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. எந்த வண்டிக்கு எந்த ஓட்டுநர் என்று பிரித்துக் கொடுப்பவர் அவர், எனக்குப் பக்கத்து மேசை. பேசுவதைவிடக் கொட்டாவி விடுவது அதிகம் என்பதால் அந்தப் பெயர். இன்று இரண்டு கொட்டாவிக்கு நடுவில் கேட்டார்: "நீங்களும் மாத்தல் கேட்டிருக்கீங்களா மேடம், இல்ல சார் மட்டுமா?"

"எங்க?"

"எல்லைக்கு அந்தப் பக்கம் டிப்போவுக்கு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்றேன். அவர் நம்பவில்லை. வராத கொட்டாவி ஒன்றை விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

எங்கள் பகுதி எல்லைச் சந்திப்போடு முடிகிறது. அதற்கு அப்பால் வேறு கன்ட்ரோல், வேறு ஓட்டுநர்கள். அங்கே ஓடும் வண்டி எதுவும் என் திரைக்கு வராது. அதனால்தானா அந்த டிப்போ? இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா? நான் என்ன ரோட்டுல போறவளா?

ஜூன் 20

கேட்டேன். சண்டை போடும் எண்ணத்தோடுதான் போய் நின்றேன். அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்மேல கோபமாங்க?"

"கோபம் எல்லாம் இல்லம்மா. களைப்பா இருக்கு."

"களைப்புக்கு மாத்தலா?"

ஒரு ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். "டூட்டிக்குப் போனதும் முதல்ல எதைக் கேக்கறேன் தெரியுமா? போர்டுல யாருன்னு. நீ இல்லைன்னா, இன்னைக்கு வீட்டுக்குப் போயிடலாம்னு மனசு லேசாகுது. அப்புறம் அப்படி நினைச்சதுக்கே கஷ்டமா இருக்கு. பொண்டாட்டி லீவுன்னா சந்தோஷப்படற புருஷன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்."

கடைசி வார்த்தைக்கு அவரே சிரித்தார். அவருக்கு எல்லாம் தெரியும். பாதை கிடைக்காதது தன் போதாத காலம் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பதாக அல்லவா நான் நினைத்திருந்தேன்? தெரிந்தேதான் நின்றிருக்கிறார்.

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா விட்டிருப்ப. அதையும் நாலு பேர் பேசுவாங்க. உனக்குத்தானே கஷ்டம்."

சண்டை போட ஒன்றும் மிச்சம் இல்லை. தோசைக்கல்லோ கரண்டியோ, எதையாவது போட்டு உடைத்திருக்கலாம். தட்டு கழுவினேன்.

ஜூன் 24, செவ்வாய்

இன்று அவரை நேரே விட்டேன். யார் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று வீட்டிலிருந்தே முடிவு செய்துகொண்டு போனேன். குவாரியிலிருந்து எங்கள் ஊர் யார்டு வரை ஓர் இடத்தில்கூட நிறுத்தவில்லை. நிலக்கரி வண்டி ஒன்றும் டாங்கரும் அவருக்காக லூப்பில் காத்துக்கிடந்தன. நிலக்கரிக்காரர் கத்தினார். டாங்கர்காரர் கத்தவே இல்லை. "சரிங்க மேடம்" என்று போனை வைத்துவிட்டார். கேலிகூட இல்லை. நிம்மதியாக இருந்தது.

ஷிப்ட் முடிந்து போனேன். அவர் வீட்டில் இருந்தார். ஜன்னலில் இன்னும் வெயில். டீ போட்டேன். எதிரெதிரே உட்கார்ந்தோம்.

"இந்த ஃபேன் சத்தம் போடுதே" என்றார்.

"ரொம்ப நாளாவே போடுது."

மறுபடியும் டீ. பிறகு மெதுவாகக் கேட்டார்: "யாரை நிறுத்தின?" சொன்னேன்.

"டாங்கரையா? அவர் பையனுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரில சேத்திருக்கு. சீக்கிரம் போய்ச் சீக்கிரம் திரும்பணும்னு காலைல புலம்பிட்டிருந்தாரு. இப்ப ரன்னிங் ரூம்லதான் கிடப்பாரு."

"என்கிட்ட சொல்லலையே அவரு."

"உன்கிட்ட சொல்லி என்ன ஆகும்? நீதான் யாருக்காகவும் பாக்கமாட்டியே. நேர்மையானவளாச்சே."

குத்திப் பேசவில்லை. எல்லாரும் சொல்வதை அப்படியே சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

"எனக்காக யாரையும் நிறுத்தச் சொல்லலம்மா. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்குல்ல, அது போதும்னுதான்…" எழுந்து போய், ஃபேனைக் கழற்ற ஸ்டூல் தேட ஆரம்பித்தார்.

ஜூன் 25

டாங்கர்காரர் மகனுக்குத் தேவலையாம், கொட்டாவி சொன்னார். போய்ப் பார்க்க எனக்கு முகம் இல்லை. இன்று எந்த இரண்டு வண்டியைப் பார்த்தாலும் எது நிற்க வேண்டும் என்று புரியவில்லை. ஒரு காலத்தில் இது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ஜூலை 1

வேறு போர்டு கொடுங்கள் என்று நான் சீஃபிடம் ஒரு தடவை கேட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். வேறு பாதை, வேறு வண்டிகள், அவர் வண்டி எனக்கு வந்தே இருக்காது. ஏன் கேட்கவில்லை? நேர்மையானவள் என்று நாலு பேர் சொல்லக் கேட்க ஆசை. வேறென்ன. அந்த ஆசைக்கு ஒரு குடும்பத்தையே லூப்பில் போட்டாயிற்று.

இன்று கேட்டேன். "இப்ப எதுக்கும்மா, அவர்தான் போறாரே" என்றார் சீஃப்.

ஜூலை 9, புதன்

உத்தரவு வந்துவிட்டது. மகள் அழுதாள். அப்பா குளிக்கப் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "போகாதீங்கன்னு ஒரு தடவை சொல்லும்மா. அவர் அதுக்குத்தான் காத்துட்டிருக்காரு."

அப்படியா? எனக்குத் தெரியவில்லை. அவர் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது சொல் நாக்கு நுனி வரை வந்தது. நிறுத்திவிட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை.

ஜூலை 14, திங்கள்

இரண்டு பெட்டி. ஒரு தலையணை. மகள் ஸ்டேஷன் வரை போனாள். நான் லீவு போட்டிருக்கலாம், போடவில்லை. போர்டில் இருந்தேன்.

அவர் போனது பயணிகள் வண்டியில். அதற்காகப் பாதை நெடுக எல்லாச் சரக்கு வண்டியையும் லூப்பில் ஒதுக்கினேன். இதுதான் விதி, இதில் யாரும் கேலி பேச முடியாது. அவருக்காக எல்லாரும் வழிவிட்டது இன்றுதான். எல்லைச் சந்திப்பைத் தாண்டியதும் வண்டி என் திரையிலிருந்து போய்விட்டது. அந்தப் பக்கத்துக் கன்ட்ரோல்காரர் போனில் சொன்னார்: "வாங்கிக்கிட்டேன் மேடம்." தினமும் சொல்வதுதான்.

ஆகஸ்ட் 2

போவதற்கு முன் ஃபேனைச் சரி செய்துவிட்டார். இப்போது சத்தமே இல்லை. வீட்டில் இருக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 21

வாரம் ஒரு தடவை மகளோடு பேசுகிறார். இன்று அவள் போனை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"நல்லா இருக்கியா?"

"ம். அங்க எப்படிங்க?"

"நல்லா இருக்கு. வண்டி எங்கயும் நிக்கறதே இல்லை."

நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்துத்தான் சொன்னார். சந்தோஷப்பட்ட மாதிரி ஏதோ சொல்லிவிட்டு வைத்தேன். அப்புறம் பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன். யாருக்குக் கேக்கக்கூடாதுன்னு? வீட்ல இருக்கறதே ரெண்டு பேரு.

ஆகஸ்ட் 30

ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

மதியம் கொட்டாவி தொண்டையைச் செருமினார். எல்லைச் சந்திப்பில் நம் ஆட்கள் பற்றவில்லை, அந்தப் பக்கத்து ஓட்டுநரே நிலக்கரி வண்டியை நம் யார்டு வரை கொண்டுவருகிறார் என்றார். பிறகு, "சார்தான் மேடம்."

திரையில் வண்டி வந்தது. பயணிகள் வண்டிக்காக நடு ஸ்டேஷனில் ஒதுக்கினேன். அது போனதும் பாதை காலி. அடுத்த ஸ்டேஷனில் எதிர்வண்டி நின்றது, டாங்கர். இரண்டில் எதை விடுவது? இரண்டு தடவை பார்த்தேன், மூன்றாம் தடவையும் பார்த்தேன். நிலக்கரி முதலில் போவதுதான் சரி. அவர் என்பதற்காக இல்லை, அவர் என்பதையும் மீறி இல்லை. வெறுமனே சரி. எத்தனையோ நாள் கழித்து எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது. சிக்னல் கொடுக்கச் சொன்னேன்.

வண்டி நகரவில்லை.

நடு ஸ்டேஷன் மாஸ்டர் தயங்கித் தயங்கிப் பேசினார். "டிரைவர் பெஞ்சில உக்காந்து சாப்பிடறாரு மேடம். போர்டுல யாருன்னு கேட்டாரு, நீங்கன்னு சொன்னேன். அப்ப நிதானமாவே சாப்பிடலாம்னு டிபன் பாக்ஸைத் திறந்துட்டாரு. சிக்னல் போட்டாச்சுன்னு போய்ச் சொல்லவா?"

"வேண்டாம். சாப்பிட்டு முடிக்கட்டும்."

டாங்கர்காரர் போனில் வந்தார். "மேடம், இங்க யாருக்காக நிக்கறேன்?"

"என் வீட்டுக்காரருக்காக" என்றேன். போன் ஸ்பீக்கரில்தான் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. டாங்கர்காரர், "சரிங்க மேடம், மெதுவா வரட்டும்" என்றார்.

காத்திருந்தேன். திரையில் ஒரு வண்டி நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு நீளமான வேலை. அதற்குப் பிறகு அவர் கிளம்பினார். வழியில் எங்கும் நிற்கவில்லை. இருட்டுவதற்குள் யார்டுக்கு வந்துவிட்டார்.

யார்டிலிருந்து எங்கள் வீடு நடக்கிற தூரம். மகளுக்குப் போன் செய்து, அரிசி கொஞ்சம் கூடப் போடு என்றேன். போனை வைத்தபோது கொட்டாவி என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ரன்னிங் ரூம்ல ஒரு கட்டில் கேட்டிருக்காரு மேடம். காலைல முதல் வண்டிக்குத் திரும்பறாராம்."

சரி என்றேன்.

ஷிப்ட் முடிக்கும் முன் தாமதங்களுக்குக் காரணம் எழுத வேண்டும். நடு ஸ்டேஷனில் சிக்னல் கிடைத்த பிறகும் நிலக்கரி வண்டி நின்ற நேரம் காலியாகக் கிடந்தது. இன்ஜின் கணக்கில் போட்டால் அவர் பதில் சொல்ல வேண்டிவரும். எதிர்வண்டி மேலே போடலாம், பழகிய கை.

கன்ட்ரோல் கணக்கு என்று எழுதிவிட்டு எழுந்தேன்.