மூன்று வந்தபோது அணைந்த விளக்குகள்

மச்சான்,

இன்று காலை தாம்பரம் மார்க்கெட்டில், செல்போன் ரிப்பேர் கடை ஒன்றில் நின்றிருந்தேன். ஒயர் பற்றவைக்கும் சால்டரிங் புகை லேசாக மூக்கில் ஏறியது. கடைக்காரர் என்னவோ கேட்டார். அதற்குள் நான் கூடுவாஞ்சேரியில், உன் வீட்டு மாடி அறையில் இருந்தேன்.

மறைமலை நகரில் உனக்கு ஷிப்ட் வேலை. எனக்குத் தரமணியில் கம்ப்யூட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் நமக்கு. சிவப்பும் பச்சையும் உன் கண்ணுக்கு ஒன்றுதான் என்று மருத்துவப் பரிசோதனையில் தெரிந்ததோடு உன் விமானி ஆசை முடிந்துபோயிருந்தது. அதைப் பற்றி நீ அதிகம் பேசியதில்லை. விமானம் ஓட்டும் சிமுலேட்டர் ஒன்றைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டாய். திரையிலிருக்கும் விமானத்தில் எந்த விளக்கு எரிகிறதோ, அது மேசைமேலும் எரிய வேண்டும் என்று பிளைவுட் பலகையில் துளையிட்டுச் சின்னச் சின்ன விளக்குகளைப் பதித்தாய். சிமுலேட்டர் தரும் தகவலைப் படிக்கும் புரோகிராம் என் பொறுப்பு.

எல்லா விளக்குகளின் நிலையும் ஒரே எண்ணாக வந்தது. இறக்கை விளக்குகளுக்கு ஒன்று, முதுகிலிருக்கும் மினுக்கு விளக்குக்கு இரண்டு, தரையிறங்கும் விளக்குக்கு நான்கு. தனித்தனியாகப் போட்டால் சரியாக எரிந்தது. இரண்டைச் சேர்த்துப் போட்டால் பலகையே இருண்டுவிடும். ஒயரைப் பார் என்றேன். நீ எல்லாவற்றையும் பிரித்து மறுபடி பற்றவைத்தாய். அடுத்த வாரமும் அதே கதை. மூன்றாவது ஞாயிறு எனக்குப் பொறுமை போய்விட்டது.

"உனக்குத்தான் கலர் தெரியாதே மச்சான். எங்கயோ மாத்திக் குடுத்திருப்ப."

எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாய்.

உன் முகத்தைப் பார்க்க முடியாமல் திரையைப் பார்த்தேன். மூன்று என்று வந்திருந்தது. ஒன்றும் இரண்டும் சேர்ந்தால் மூன்று. நானோ, வந்த எண் ஒன்றா, இரண்டா, நான்கா என்று மட்டும் ஒப்பிட்டிருந்தேன். மூன்று எதிலும் சேராமல் விழுந்துபோனது. அதை முழு எண்ணாகப் படித்ததே பிழை. அதற்குள் ஒவ்வொரு பிட்டும், அதாவது ஒவ்வொரு பூஜ்யமோ ஒன்றோ, ஒரு விளக்கு. ஒவ்வொன்றையும் தனியே எடுத்து, எரிகிறதா இல்லையா என்று பார்க்க வேண்டும். தப்பு என்னுடையது.

பலகையைத் திருப்பினேன். ஒவ்வொரு பச்சை ஒயரிலும் ஒரு சின்ன முடிச்சு போட்டு வைத்திருந்தாய். மாறிப்போக வழியே இல்லை.

"என் தப்புடா. இந்த முடிச்ச ஏன் சொல்லல?"

"நீ கேக்கவே இல்லியே," என்றாய், திரும்பாமலே.

அன்று மாலை கடலிலிருந்து கோவளத்தின் மேலாகத் திரும்பி மீனம்பாக்கத்தை நோக்கி இறங்கினாய். ஒவ்வொன்றாக எல்லா விளக்குகளும் எரிந்தன, எதுவும் அணையவில்லை. ஓடுதளம் மெல்ல மெல்ல நம்மிடம் மிதந்து வந்தது. அறையும் நாமும் மேசையும் சேர்ந்தே இறங்குவது போலிருந்தது.

"இடது இறக்கை விளக்கு என்ன கலர்டா?"

"சிவப்பு."

"வலது?"

"பச்சை."

பார்த்துவிட்டவன் போலத் தலையசைத்தாய். அதற்குப் பிறகு எங்கே போனாலும் கேட்பாய்: உன் மனைவிக்குப் புடவை எடுக்கையில், ரயில் ஜன்னலோரம், மழைக்கு முந்தைய ஏரியைக் காட்டி. வேறு யாரிடமும் நீ கேட்டதில்லை.

காய்ச்சல் என்று படுத்தாய். ஒரு வாரத்தில் போய்விட்டாய். உன்னை அடக்கம் செய்துவிட்டு ஸ்டேஷனில் நின்றபோது மேற்கே வானத்தில் அந்தி நிறம் ஏறியிருந்தது. "ஆரஞ்சு. கீழ கொஞ்சம் ரோஸ்," என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

இப்போதும் சொல்கிறேன், மச்சான். நீ கேட்காமலேயே.