ஏற்றத்தில் மட்டும் கொதிக்கும் ஜீப்

ஆகஸ்ட் 17
மலைப்பாதையில் பாதிகூட ஏறவில்லை, சூட்டு முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஜூனிலிருந்தே இந்தக் கூத்து. சமவெளியில் சாதுவாக ஓடும், ஏற்றம் வந்தால் கொதிக்கும். பழைய ஜீப்தான். ஆனாலும் இதுவரை என்னை நடுவழியில் விட்டதில்லை.

செப்டம்பர் முதல் வாரம் பண்ணைக்காரர்கள் மேட்டு நிலத்திலிருந்து ஆடுகளை இறக்கப் போவார்கள். பாலமில்லாத ஆற்றைத் தாண்டி, அவர்கள் தங்கும் குடிலுக்கு ஆண்டுதோறும் இறைச்சியும் உருளைக்கிழங்கும் காலுறைகளும் கொண்டுபோவது நான். தர்மத்துக்கு இல்லை. அங்கே சூப் ஊற்றுகிறவளுக்குத்தான் அந்த வருஷக் கம்பளியை விற்பார்கள். நான் போகாவிட்டால் அக்குரேரி நகரத்துக் கம்பளி வியாபாரி புது வண்டியோடு போய் நிற்பான்.

ஒட்டாரிடம் சொன்னேன். காலமெல்லாம் மீன்பிடிப் படகில் இன்ஜின் பார்த்த மனுஷன், கட்டினவளின் வண்டியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "வித்துத் தொலை அதை" என்றான். இந்த வருஷம் என்னோடு வரவும் மாட்டானாம். முழங்கால் வலியாம்.

ஆகஸ்ட் 19
இன்ஜின் சூடானதும் தண்ணீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, இறைச்சி வேகவைக்கும் பானையில் போட்டு, வெப்பமானியும் வைத்துப் பார்த்தேன். சரியான சூட்டில் வாய் திறந்தது. அதன்மேல் குற்றமில்லை.

ஒட்டார் பானையை எட்டிப் பார்த்து, "இன்னைக்கு என்ன சாப்பாடு, இரும்பா?" என்றான். சிரித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 20
பக்கத்துப் பண்ணை பிராந்தூர் வந்து தீர்ப்புச் சொன்னான்: "ஹெட் கேஸ்கெட் போச்சு, ஹெர்திஸ். பேசாம குதிரை வாங்கு. அது உதைக்கும், கொதிக்காது."

"உன்னை வித்தாக்கூட குதிரைக் காசு தேறாது, பிராந்தூர்."

ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து இன்ஜினை ஓட்டினேன். கேஸ்கெட் போயிருந்தால் தண்ணீர் கொப்பளிக்கும்; ஒரு குமிழி வரவில்லை. தண்ணீரும் குறையவில்லை. கேஸ்கெட் நன்றாகத்தான் இருக்கிறது. பெல்ட்டும் இறுக்கம்.

ஆகஸ்ட் 22
ஏற்றத்தில் நிறுத்தித் தொட்டுப் பார்த்தேன். மேல் குழாயில் கை வைக்க முடியவில்லை. கீழ்க் குழாய் செத்த மீன் மாதிரி சில்லென்று — ஏன்?

ஆகஸ்ட் 23
ரேடியேட்டருக்குள் துரு அடைத்திருக்கும் என்று முழுசாகக் கழற்றித் தண்ணீர் விட்டேன். இந்தப் பக்கம் விட்டது அந்தப் பக்கம் கொட்டுகிறது. அப்படியானால் மிச்சம் ஒன்றுதான்: ரேடியேட்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் அந்தக் கீழ் ரப்பர் குழாய்.

விரலை விட்டேன். மெத்தென்று ஏதோ பட்டது. எலி என்று நினைத்துக் கத்திவிட்டேன். இடுக்கியால் இழுத்தேன்.

கையுறை.

இரண்டு கட்டைவிரல் வைத்த கடல்காரர் கையுறை, ஒரு பக்கம் தேய்ந்தால் திருப்பிப் போட்டுக்கொள்வதற்கு. இந்த ஊரில் அதை இன்னும் போடுகிறவன் ஒருத்தன்தான். பின்னிக் கொடுத்தவள் நான்.

முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். வித்துத் தொலை, வித்துத் தொலை என்றானே! இவனா? என் பிழைப்பிலா கை வைத்தான்?

ஆகஸ்ட் 24
காலையில் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் அதை வைத்தேன். ஒட்டார் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஜீப் குழாய்க்குள்ள இருந்துச்சு" என்றேன்.

கையுறையைக் கோப்பைக்குப் பக்கத்திலேயே திரும்ப வைத்தான். அப்புறம், "ஆமா. நான்தான் வச்சேன்."

"எதுக்குடா?"

"நீ தனியா ஆத்தைத் தாண்டக் கூடாதுன்னு."

"எப்ப வச்ச?"

"போன வாரம்."

"நீயெல்லாம் மனுஷனா?" கத்திவிட்டு என் கம்பளிக் கடைக்குப் போய்விட்டேன். கையுறையை ஏன் எடுத்துக்கொண்டு போனேன், தெரியவில்லை.

ஆகஸ்ட் 25
கல்லாவில் கிடந்த கையுறையை இன்று சும்மா தடவிப் பார்த்தேன். கம்பளியில் பிழைக்கிறவள் நான். இது ஒரு வாரச் சூட்டில் கிடந்த கம்பளி இல்லை. பாதியாகச் சுருங்கி, செருப்புத் தோலாக இறுகிக் கிடக்கிறது. மாதக்கணக்கில் வெந்திருக்கிறது. ஜூனிலேயே முள் ஏறியதே! போன வாரம் வைத்ததாமே?

அப்புறம்தான் நினைவு வந்தது. மே மாதம் அந்தக் குழாயை மாற்றியது ஒட்டார்தான். படகில் குழாயைக் கழற்றினால் தண்ணீர் ஒழுகாமலிருக்கக் கையில் கிடைத்ததை வாயில் திணிப்பார்கள். கையுறையைத் திணித்திருக்கிறான். எடுக்க மறந்து, அப்படியே புதுக் குழாயை மாட்டியிருக்கிறான். போகட்டும், யாருக்குத்தான் மறதி இல்லை? ஆனால் பார்த்ததும் "அடச்சே, மே மாசம்!" என்று தலையில் அடித்துக்கொண்டிருக்க வேண்டாமா?

குழாய் மாற்றியதே அவனுக்கு நினைவில்லை. கையுறையைப் பார்த்து ஒரு கதை கட்டியிருக்கிறான். மறந்துபோச்சு என்று சொல்வதைவிட அயோக்கியன் என்று பெயர் வாங்குவது —

போன வருஷம் ஆற்றங்கரையில் "எந்தப் பக்கம் போகணும்?" என்றான். கிண்டல் என்று நினைத்தேனே.

ஆகஸ்ட் 26
ரொட்டிக்கு வெண்ணெய் தடவியபடி கேட்டேன்: "மே மாசம் ஜீப் குழாயை மாத்தினது யாரு, பிராந்தூரா?"

"பிராந்தூர்தான்" என்றான், உடனே.

பிராந்தூருக்கு ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பதென்றே தெரியாது. வெண்ணெய்க் கத்தி கையிலேயே நின்றுவிட்டது.

ஆகஸ்ட் 29
குடிலுக்குப் போய்வந்ததும் டாக்டரைப் பார்க்கிறோம் என்று ஒட்டாரிடம் சொன்னேன்.
"முழங்காலுக்குத்தானே?"
"முழங்காலுக்கும்தான்."

செப்டம்பர் 5, குடில்
கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். "பக்கத்துல உக்காந்து முள்ளைப் பாரு, போதும்" என்றதும் ஏறிக்கொண்டான்.

ஆற்றங்கரையில் நான் சொல்வதற்கு முன்பே இறங்கி, இன்ஜினுக்குள் தண்ணீர் அடிக்காமலிருக்க வண்டி முகத்தில் தார்ப்பாயைக் கட்டினான். என்ன முடிச்சுகள்! "அதோ, தண்ணி அகலமா விரியுது பாரு, அங்க விடு. ஆழமில்ல" என்றான். சொன்னபடியே ஆழமில்லை. அக்கரை சேர்ந்ததும் தார்ப்பாயை அவிழ்க்க இறங்கினான். மலையைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் நின்றான். ஏறிக்கொண்டான்.

ஏற்றத்தில் முள் ஏறியது. அவன் முள்ளைப் பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் கண்ணில் பட்டது, அவிழ்க்காமல் விட்ட தார்ப்பாய் முன்னால் காற்றை மறித்துப் படபடப்பது.

நிறுத்தினேன்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. வண்டி கொஞ்சம் மூச்சு வாங்கட்டும்."

அவன் போட்ட முடிச்சுகளை அவிழ்ப்பதற்குள் விரல் எரிந்தது. பாயை மடித்து என் சீட்டுக்கு அடியில் வைத்தேன். முள் மெல்ல இறங்கியது.

"பாத்தியா, எப்பேர்ப்பட்ட வண்டி. வித்துறாத" என்றான்.

கம்பளி பேசி முடித்தாயிற்று. எல்லாப் பண்ணையும் எனக்குத்தான். திரும்பும்போது ஆற்றைத் தாண்டியதும் தார்ப்பாயை அவிழ்க்க நானும் இறங்க வேண்டும்.