14ஆம் வரிசையும் 3ஆம் வரிசையும்

அனுப்புநர்:
விளக்குப் பொறியாளர்,
நாடக அரங்கு (முன்பு திரையரங்கு).

பெறுநர்:
உரிமம் வழங்கும் அலுவலர் அவர்கள்.

பொருள்: அரங்கின் முத்திரையை அகற்றக் கோருதல், படிவத்தில் நான் எழுதிய தவறான விவரம் ஒன்றைத் திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் அரங்கு கடந்த 3ஆம் தேதி பூட்டி முத்திரையிடப்பட்டது. திரையரங்கு உரிமம் பெற்ற கட்டடத்தில் திரை இல்லை என்பது காரணம். காரணம் உண்மை. ஆய்வாளர் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை.

2. இந்தக் கட்டடம் நாற்பத்தோரு ஆண்டுகள் சினிமா காட்டியது. இரண்டு ஆண்டுகள் மூடிக் கிடந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு நாடகக் குழு வாடகைக்கு எடுத்தது. உரிமத்தை மாற்றித் தரும்படி அப்போதே மனு கொடுத்தார்கள். "நாடகத்துக்குன்னு தனியா படிவம் வரலை. வர்ற வரைக்கும் இதையே நிரப்பிக் குடுங்க" என்று பதில் வந்தது. அன்று முதல் ஆண்டுதோறும் திரையரங்குப் படிவத்தை நிரப்பி வந்தவர் மேடை மேலாளர். அவர் என் மனைவி.

3. நான் முதலில் வயரிங் சோதிக்க வந்தவன். சினிமா இருக்கையில் உட்கார்ந்தால் திரை தெரியும். மேடையில் நிற்பவரின் கால் தெரியாது. மேடை மேலாளர் 412 இருக்கைகளிலும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்தார். நான் மேடையில் நின்றேன். "முட்டி தெரியுது!" "இடுப்போட சரி!" "ஐயோ, அந்தரத்துல மிதக்குறீங்க!" என்று அங்கிருந்து கத்துவார். நான் குறித்துக்கொள்வேன். நான்கு நாள் ஆயிற்று. அந்த அளவுகளை வைத்து மேடையை இரண்டேகால் அடி உயர்த்தினேன். அப்படியும் கால் தெரியாத 37 இருக்கைகளுக்கு இன்றுவரை டிக்கெட் கொடுப்பதில்லை. எங்கள் திருமணம் அதன் பிறகு. மனுவுக்கு இது தேவையில்லை. இருந்தாலும் பதிவு செய்கிறேன்.

4. பழைய திரை சுருட்டியபடி மேடைக்கு மேலே தொங்கியது. ஆய்வு நாளன்று மட்டும் என் மனைவி அதை இறக்குவார். அளந்து முடித்ததும் மேலே போய்விடும். திரை தொங்கிய இரும்புக் குழாயில் விளக்குகளும் சேர்ந்து 340 கிலோ பாரம் இருப்பதைச் சென்ற ஆண்டு கண்டேன். தாங்கக்கூடியது 250. கீழே ஆட்கள் நடிக்கிறார்கள். திரையைக் கழற்றலாமா என்று கேட்டேன். "கழட்டுங்க. கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்" என்றார். என்ன பதில் என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

தையற்கார அக்கா அந்தத் திரையை வெட்டிப் புதிய நாடகத்துக்குப் பதினாறு அங்கிகள் தைத்தார். ராஜா வேடக்காரர், "பிளாஸ்டிக்கா? உள்ளயே வெந்துடுவேன்க்கா" என்றார். "சினிமாத் திரைடா, சத்தம் வெளிய வர ஆயிரம் ஓட்டை போட்டிருக்கான். உனக்குக் காத்து வராதா?" என்றார் அக்கா.

5. இரண்டு மாதங்களுக்கு முன் என் மனைவி காய்ச்சல் என்று மருத்துவமனைக்குப் போனார். ஆறாம் நாள் இறந்தார். வயது 31. அதிலிருந்து பத்தொன்பதாம் நாள் படிவம் வந்தது. எல்லாம் அளவு கேட்கும் படிவம் என்பதால் என்னிடம் கொடுத்தார்கள். அதில் 14ஆம் வரிசை, திரையின் அளவு. "இல்லை" என்று எழுதினேன்.

6. ஆய்வாளர் வந்தபோது ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. "திரை எங்கப்பா?" என்றார். வெள்ளை அங்கியோடு வந்தவர்களைக் காட்டி, "அதோ, நடந்து வருது சார்" என்றார் தையற்கார அக்கா. ஆய்வாளரும் சிரித்துவிட்டார். போகும்போது என்னிடம், "நானாக் கேட்டிருக்க மாட்டேன் தம்பி. நீங்களே கைப்பட எழுதிக் குடுத்துட்டீங்க, நான் என்ன பண்றது?" என்றார். எனக்கும் தெரியவில்லை.

7. வரும் 28ஆம் தேதி அந்த நாடகம் அரங்கேற வேண்டும். என் மனைவி கடைசியாகத் தயார் செய்தது அது. எந்த வசனத்தில் எந்த விளக்கு என்று அவர் பென்சிலால் குறித்த 211 குறிப்புகள் கொண்ட நோட்டு புரொஜக்டர் அறையில் இருக்கிறது. அங்கிகளும் உள்ளேதான். இருபத்து மூன்று பேர் வாசல் படியில் உட்கார்ந்து வசனம் சொல்லிப் பார்க்கிறார்கள்.

8. இதுவரை யாரும் கேட்காத ஒன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். அதே படிவத்தின் 3ஆம் வரிசையில், அரங்கின் பொறுப்பாளர் என்ற இடத்தில், என் மனைவியின் பெயரை எழுதியிருக்கிறேன். எழுதும்போது அது தவறு என்று தோன்றவில்லை. 14ஆம் வரிசையில் உண்மை எழுதினேன், அரங்கு பூட்டப்பட்டது. 3ஆம் வரிசையில் எழுதியது உண்மையல்ல; அதை ஒருவரும் கேட்கவில்லை. ஆய்வாளர் கேட்பார் என்று அன்று முழுவதும் அவர் பின்னாலேயே நடந்தேன்.

ஆகவே, தண்டனை எதுவானாலும் எனக்கு விதித்து, 28ஆம் தேதிக்கு முன் அரங்கைத் திறந்துவிடும்படி வேண்டுகிறேன். பாரக் கணக்கும் மின் சோதனைச் சான்றும் இணைத்துள்ளேன். திரையை அளந்தே ஆக வேண்டும் என்றால், பதினாறு பேரும் கையை விரித்து வரிசையில் நிற்கச் சம்மதித்திருக்கிறார்கள். மொத்தம் 646 சதுர அடி, தையலில் போனது நீங்கலாக.

3ஆம் வரிசையில் உள்ள பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதிக்கொள்ளவும். அடிக்கும்போது ஒரே ஒரு கோடு மட்டும் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். அவள் பெயர் படிக்கிற மாதிரி இருக்கட்டும்.

இடம்: அரங்க வாசல்
நாள்: 14ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
அரங்கின் பொறுப்பாளர்