பாப்பாவுக்கு ஒரு செஸ் டீச்சர்

பாப்பா அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முதுகுவலி தேவலையா? தைலம் தீர்ந்தால் உடனே வாங்கிக்கொள்.

பாப்பாவுக்கு ஆன்லைனில் செஸ் சொல்லித்தர ஆள் பார்த்துவிட்டேன். வெண்டைக்காயை நீ ஒடித்துப் பார்த்து வாங்குவதுபோல, மாதிரி வகுப்புகளில் நானே உட்கார்ந்து பார்த்தேன். முதல் ஆள் தன் கோப்பைகளைக் காட்டியே நேரத்தை ஓட்டிவிட்டார். அடுத்தது ஓர் அம்மா. எந்த அகாடமியிலும் இல்லை, தனியாக வகுப்பு எடுக்கிறார். பாப்பா பெயரில் பதிந்திருந்தேனா, வீடியோவில் என் மீசையைப் பார்த்ததும் திகைத்து, "பாப்பா எங்க சார்?" என்றார்.

"மொதல்ல நான் ஆடிப் பாக்கறேங்க" என்றேன்.

ஆடிய கொஞ்ச நேரத்தில் ராணியைப் பறிகொடுத்தேன். அவர் சிரிக்கவில்லை. "இதை நகர்த்தும்போது என்ன நெனச்சீங்க?" என்று கேட்டு, நான் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். லிஃப்ட் ரிப்பேர் செய்கிற என்னிடம் எல்லோரும் "எப்ப முடியும்?" என்றுதான் கேட்பார்கள். என்ன நினைக்கிறாய் என்று, பிழைக்க வந்த இந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. இவரையே முடிவு செய்துவிட்டேன்.

வகுப்பு ஞாயிறு காலை. அப்போது உன் போனில் என்னைக் கூப்பிட்டு, போர்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடு. நான் குறுக்கே பேச மாட்டேன். நீயும் பேச வேண்டாம், உன் வேலையைப் பார். நீ பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டால் போதும்.

லிஃப்டில் யாரோ மாட்டிக்கொண்டார்களாம், ஓடுகிறேன்.

உன் மீசைக்காரர்